தான்சானியக் கிராமப் பள்ளிக்குப் பாடம் நடத்த வருபவர்களுக்கு

காகித வேலையைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். சுற்றுலா விசாவில் வந்து வகுப்பெடுக்கக் கூடாது. சம்பளம் வாங்காவிட்டாலும் இங்கே அது வேலைதான். தன்னார்வலர்களுக்கு ‘சி’ வகுப்பு வசிப்பு அனுமதி இருக்கிறது. அழைக்கிற அமைப்புதான் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். “வந்து பார்த்துக்கலாம்” என்று சொன்னால் விண்ணப்ப நகலைக் கேளுங்கள். அது கைக்கு வந்த பிறகு டிக்கெட் எடுங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுவார்கள். பிளாஸ்டிக் கைப்பைகளுக்கு 2019 ஜூன் முதல் தடை, அதனால் பருப்புப்பொடி, இட்லிப்பொடியை எல்லாம் டப்பாவில் அடைத்து வாருங்கள். பிளக் இங்கிலாந்து மாதிரி, மூன்று சதுரக் கால்.

இனி, பலருடைய முதல் பருவத்தையே விழுங்கும் விஷயம். அழைப்புக் கடிதத்தில் “உயர்நிலைப் பள்ளி, பயிற்று மொழி ஆங்கிலம்” என்று இருக்கும். அது உண்மைதான். ஆனால் அந்தப் பிள்ளைகள் அரசு ஆரம்பப் பள்ளி முழுவதையும் சுவாஹிலியில் படித்துவிட்டு வந்தவர்கள். ஜனவரியில் ஃபார்ம் ஒன் (உயர்நிலைப் பள்ளியின் முதல் வகுப்பு) தொடங்கியதும் கணக்கு, உயிரியல், புவியியல் எல்லாம் ஒரேயடியாக ஆங்கிலத்துக்கு மாறிவிடும். தொடக்கத்தில் சில வாரம் ஆங்கில அறிமுக வகுப்பு வைப்பார்கள். சில வாரத்தில் யாருக்கு மொழி வந்தது? தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் முதல் நாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நீங்கள் 40 நிமிடம் பிரமாதமாக நடத்துவீர்கள். கடைசியில் “புரிந்ததா?” என்று கேட்பீர்கள். அறுபது, எழுபது பேரும் ஒரே குரலில் “ண்டியோ, ம்வாலிமு” (ஆமாம், ஆசிரியரே) என்பார்கள். அதைப் பதில் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அது வெறும் மரியாதை. பெரியவரிடம், அதுவும் தூர தேசத்திலிருந்து வந்தவரிடம், “நீங்கள் சொன்னது புரியவில்லை” என்று முகத்துக்கு நேரே சொல்வது அவர்கள் வளர்ந்த விதத்தில் இல்லை. நோட்டைத் திறந்தால் கரும்பலகை அப்படியே அழகான கையெழுத்தில் இறங்கியிருக்கும். அதுவும் ஏமாற்றும். மூன்று மாதத்துக்கு வருபவர் பருவத் தேர்வுத் தாளைத் திருத்தும்போதுதான் விழிப்பார். அதற்குள் ஊருக்குத் திரும்பும் நாள் வந்திருக்கும்.

அதனால் “புரிந்ததா” என்ற கேள்வியை முதல் நாளே விட்டுவிடுங்கள். கேள்வியைப் பலகையில் எழுதி நான்கு விடை கொடுங்கள். கண்ணை மூடி, நெஞ்சருகே விரலால் 1, 2, 3, 4 என்று காட்டச் சொல்லுங்கள். கண் திறந்திருந்தால் எல்லா விரலும் முதல் பெஞ்சைப் பார்த்து மாறிவிடும். எழுபது நோட்டையும் தினம் திருத்த முடியாது, வரிசைக்கு ஒன்றாகப் பத்து எடுங்கள். கடைசி வரிசையை விட்டுவிடாதீர்கள்.

சொற்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அக்கம்பக்கத்து ஆரம்பப் பள்ளியில் ஏழாம் வகுப்பு ‘ஹிசாபாட்டி’ (கணக்கு) புத்தகத்தை இரவல் வாங்குங்கள். பாடத்துக்கு எட்டு, பத்து சொல்லுக்கு மேல் வேண்டாம். பலகையின் இடது ஓரத்தில் ஆங்கிலமும் சுவாஹிலியுமாக எழுதிவைத்து வகுப்பு முடியும்வரை அழிக்காமல் விடுங்கள். ஜும்லிஷா கூட்டு, டோவா கழி, ஸிடிஷா பெருக்கு, கவான்யா வகு. முக்கோணம் ‘பெம்பேடாட்டு’: பெம்பே என்றால் கோணம், டாட்டு என்றால் மூன்று. ஒளிச்சேர்க்கைக்கு ‘உசானிசினூரு’; அதில் நூரு ஒளி, உசானிசி சேர்க்கை. நம் கலைச்சொல்லாக்கம் போன வழியிலேயே அவர்களும் போயிருக்கிறார்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் கான்வென்ட் ஆசாமிகளைவிடக் கை ஓங்கும். ஆனால் பாடத்தை முழுக்கச் சுவாஹிலிக்கு மாற்றிவிடாதீர்கள், தேர்வு ஆங்கிலத்தில்தான்.

ஃபிம்போ, அதாவது பிரம்பு, ஆசிரியர் அறையில் இருக்கும். விதிப்படி தலைமை ஆசிரியரோ அவர் அனுமதித்தவரோதான் அடிக்கலாம், நான்கு அடிக்கு மேல் கூடாது, பதிவேட்டில் எழுத வேண்டும். நடைமுறை வேறு. உங்கள் வகுப்பில் சத்தம் போட்டவனை ஒழுங்கு ஆசிரியரிடம் அனுப்பினால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு அனுப்புங்கள்.

நேரம் இன்னொரு குழி. சுவாஹிலிக் கணக்கில் நாள் விடியலில் தொடங்குகிறது, நம் பழைய நாழிகைக் கணக்கைப் போல. காலை 7 மணி ‘ஸா மோஜா’, முதல் மணி. ‘ஸா ம்பிலி’ என்றால் இரண்டு மணி அல்ல, எட்டு. ஆறு மணி வித்தியாசம். பஸ் டிக்கெட்டில் 12 என்று எழுதியிருந்தால் அது விடிகாலை 6 மணியா என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.

பெரியவர்களைப் பார்த்தால் “ஷிகமோ” சொல்லுங்கள், “மரஹாபா” என்று பதில் வரும். பிள்ளைகள் உங்களுக்கு ஷிகமோ சொன்னால் மரஹாபா சொல்ல வேண்டியவர் நீங்கள். ம்வாலிமு என்ற சொல்லுக்கு இங்கே தனி மதிப்பு. நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நைரேரேவை இன்றும் அப்படித்தான் அழைக்கிறார்கள்.

சாப்பாட்டில் கஷ்டம் குறைவு. சந்தையில் ‘ம்பாஸி’ என்று கேட்டால் துவரை கிடைக்கும். முழுப் பயறு, உடைத்த பருப்பு இல்லை, இரவே ஊறப்போடுங்கள். சொரோகோ பச்சைப்பயறு, உக்வாஜு புளி, ம்சிச்சா நம் தண்டுக்கீரை வகை, ம்லொங்கே முருங்கை. பெருங்காயமும் கடுகும் கொண்டுவந்தால் சாம்பார் கூடிவிடும். பள்ளியில் தினமும் உகாலியும் பீன்ஸும்தான். மக்காச்சோளக் களி என்று நினைத்தால் இறங்கும்.

மலேரியாவை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். மருந்து தோய்த்த கொசுவலை, மாலையில் முழுக்கைச் சட்டை, டாக்டர் எழுதித்தந்த தடுப்பு மாத்திரை. டாக்சிசைக்ளின் என்றால் ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும், எல்லாரும் நிறுத்திவிடுவது இதைத்தான். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஸஹனாட்டிக்கு (கிராம மருந்தகம்) போய் விரல் குத்தி மலேரியாவா என்று பாருங்கள். ஊருக்குப் போன பிறகு சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், டாக்டர் டெங்கு, டைபாய்டு என்று தொடங்குவதற்கு முன்பே ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர் என்பதைச் சொல்லி மலேரியாவுக்கு ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.