எகிப்திய அரீஷ் சீஸ் சாலட்: பாலுக்கு உறை ஊற்றுவதிலிருந்து தட்டு வரை

கெய்ரோவில் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், நடுவில் ஒரு கிண்ணம் ஃபூல் இருக்கும். ஃபாவா பீன்ஸை மணிக்கணக்கில் வேகவைத்து மசித்தது. அதைச் சுற்றிச் சின்னச் சின்னத் தட்டுகள். பெரும்பாலும் அவற்றில் ஒன்றில் வெள்ளைச் சீஸையும் தக்காளியையும் பிசைந்து, மேலே எண்ணெய் ஊற்றி வைத்திருப்பார்கள். கிப்னா பித்தமாத்தெம் என்று பெயர். தக்காளி போட்ட சீஸ், அவ்வளவுதான்.

சாலட் செய்ய அடுப்பே வேண்டாம். முதல் முறை சமையலறைக்குள் நுழைகிறவர்கூட பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். ஆனால் ருசியில் முக்கால்வாசி சீஸில்தான் இருக்கிறது. அதனால் அரீஷ் என்ற அந்தச் சீஸிலிருந்தே தொடங்குகிறேன்.

அரீஷ் எப்படிப்பட்ட சீஸ்?

எகிப்திய கிராமங்களில் கறந்த பாலை மண்சட்டியில் ஊற்றி, ஆடாமல் அசையாமல் வைத்துவிடுவார்கள். பாலேடு மேலே ஒதுங்கும். அதை எடுத்து வெண்ணெயும், எங்கள் நெய்க்கு நெருங்கிய உறவான சம்னாவும் செய்வார்கள். அடியில் தங்கிய கொழுப்பில்லாத பால் தானாகப் புளித்துத் தயிராகிவிடும். அதைக் கோரைப்பாயில் ஊற்றி, உப்புத் தூவி, சுருட்டிக் கட்டித் தொங்கவிட்டால் இரண்டு மூன்று நாளில் நீர் வடிந்து அரீஷ் கிடைக்கும். வெண்ணெய் விற்பனைக்கும் விசேஷத்துக்கும் போய்விடும். அரீஷ்தான் வீட்டுக்காரர்களின் அன்றாடச் சாப்பாடு. மீந்ததை உப்போடு ஜாடியில் அடைத்து மாதக்கணக்கில் ஊறவிட்டால் மிஷ் என்கிற காரசாரமான பழைய சீஸ் ஆகும். அதில் புழு வைப்பதும் உண்டு. "மிஷ்ஷின் புழு மிஷ்ஷுக்குள்ளிருந்தே வருகிறது" என்று அங்கே ஒரு பழமொழியே இருக்கிறது. நமக்கு இன்று வேண்டியது புதிய, வெள்ளை அரீஷ் மட்டும்.

எகிப்தில் சீஸ் எவ்வளவு பழையது என்பதற்கு, கெய்ரோவுக்கு அருகே உள்ள பழங்காலக் கல்லறைப் பகுதியான சக்காராவில் ஒரு நல்ல சான்று கிடைத்தது. மெம்ஃபிஸ் நகரின் மேயராக இருந்த ப்தாமெஸ் என்பவரின் கல்லறையில் உடைந்த ஜாடிகள் இருந்தன. ஒன்றில் வெள்ளையாக இறுகிய ஒரு பொருள், கூடவே ஒரு துணி. அது சுமார் 3200 ஆண்டுகளுக்கு முந்தைய சீஸ் என்றும், பசும்பாலோடு ஆட்டுப்பாலும் கலந்தது என்றும் 2018இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அதிலேயே புருசெல்லா கிருமியின் தடயமும் தெரிந்தது. காய்ச்சாத பாலில் பரவும் அந்தக் கிருமி தரும் காய்ச்சல் எகிப்தில் இன்னும் ஒழியவில்லை. எனவே கிராமத்து முறையில் ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்வோம்: பச்சைப் பாலில் செய்யாமல், காய்ச்சிய பாலில் செய்வோம். எகிப்தின் நகரத்து வீடுகளிலும் தயிர் சேர்த்து உறைய வைத்து இளஞ்சூட்டில் பிரிக்கும் முறையில் பலர் செய்கிறார்கள். நாம் செய்யப்போவதும் அதுதான்.

முதல் பாகம்: சீஸ்

தேவை: கொழுப்பு குறைந்த பால் 1 லிட்டர், கெட்டித் தயிர் 2 மேசைக்கரண்டி, உப்பு அரை தேக்கரண்டி, மெல்லிய பருத்தித் துணி.

1. பாலைக் காய்ச்சி ஆறவிடுங்கள். ஆடை படிந்தால் எடுத்துவிடுங்கள். விரல் வைத்தால் இதமாகச் சுட வேண்டும்; சுமார் 40 டிகிரி. இப்போது தயிரைக் கலக்கி மூடி வையுங்கள்.

2. 10 முதல் 12 மணி நேரம் அப்படியே இருக்கட்டும். குளிர்ந்த ஊரானால் இன்னும் கூடும். சோற்றில் பிசைந்து சாப்பிடும் தயிரைவிட ஒரு படி அதிகம் புளிக்க வேண்டும். புளிப்பு போதாவிட்டால் அடுத்த படியில் நீர் சரியாகப் பிரியாது.

3. உறைந்த தயிரைப் பாத்திரத்தோடு வைத்தே கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறுங்கள். அடுப்பில் மிகக் குறைந்த தீயில் வையுங்கள். கரண்டி போட்டுக் கிளறக் கூடாது. பத்து நிமிடத்தில் ஓரத்தில் இளம்பச்சையும் மஞ்சளும் கலந்த தெளிந்த நீர் எட்டிப் பார்க்கும். அப்புறம் கட்டிகள் சுருங்கிப் பாத்திரத்தின் சுவரை விட்டு விலகும். லேசாக ஆவி வரலாம், குமிழி வரக் கூடாது. கொதித்தால் சீஸ் மணல் மணலாகிவிடும். 15 முதல் 20 நிமிடத்தில் அடுப்பை அணைத்து, இன்னும் பத்து நிமிடம் விடுங்கள்.

4. வடிதட்டில் துணியை விரித்து, கட்டிகளை அகப்பையால் மெதுவாக அள்ளிப் போடுங்கள். முதல் நீர் வடிந்ததும் உப்பைத் தூவி, துணியை முடிந்து நான்கு மணி நேரம் தொங்கவிடுங்கள். வெயில் காலமானால் வடிதட்டோடு ஃபிரிட்ஜில் வைத்துவிடுவது நல்லது.

துணியைப் பிரித்தால் சீஸ் ஒட்டாமல் கழன்று வர வேண்டும். அழுத்தினால் பொலபொலவென உடைய வேண்டும்; உள்ளங்கை நனையக் கூடாது. நனைந்தால் இன்னும் ஒரு மணி நேரம் கட்டுங்கள். ஏறக்குறைய 200 கிராம் கிடைக்கும். வடிந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள், சப்பாத்தி மாவு பிசைய அருமையாக இருக்கும்.

இவ்வளவு பாடு எதற்கு, கடையில் பனீர் வாங்கிப் போட்டால் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகாது. பனீர், கொதிக்கும் பாலில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றி ஒரே நொடியில் திரிப்பது. அதனால் இறுகி, மெல்லும்போது கிறீச்சிடும். குழம்புக்கு அது பொருத்தம். அரீஷ் ஒரு இரவு முழுக்கப் புளித்து உருவாவது. அந்தப் புளிப்பும், முள்கரண்டி பட்டால் குழையும் மென்மையும்தான் இந்தச் சாலட். பனீரைப் போட்டால் தக்காளி ஒரு பக்கமும் பனீர் ஒரு பக்கமுமாகத் தனித்தனியே கிடக்கும்.

இரண்டாம் பாகம்: சாலட்

இரண்டு பேருக்கு: அரீஷ் 200 கிராம், பழுத்து ஆனால் கெட்டியாக உள்ள தக்காளி 2, சிறிய வெள்ளரி 1, காரம் குறைந்த நீளப் பச்சைமிளகாய் அல்லது அரைக் குடைமிளகாய், புதினா ஒரு கைப்பிடி, ஆலிவ் எண்ணெய் 2 மேசைக்கரண்டி, வறுத்துப் பொடித்த சீரகம் கால் தேக்கரண்டி, மிளகுத் தூள், விருப்பமானால் மிளகாய்த் தூள் ஒரு சிட்டிகை.

1. தக்காளியை நான்காக வெட்டி, விதையும் சாறும் உள்ள நடுப்பகுதியை வழித்தெடுங்கள். சதையைப் பொடியாக நறுக்கி, இரண்டு சிட்டிகை உப்புத் தூவி, வடிதட்டில் பத்து நிமிடம் வையுங்கள். இதைத் தவிர்க்காதீர்கள். தக்காளித் தண்ணீர் இறங்கினால் மணிக்கணக்கில் வடித்த சீஸ் மறுபடி கூழாகிவிடும். தக்காளிக்கு ஊத்தா என்றும் பெயர் கெய்ரோவில். விலை எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று யாருக்கும் தெரியாது என்பதால் "மக்னூனா யா ஊத்தா", அதாவது "பைத்தியக்காரத் தக்காளி" என்று தள்ளுவண்டிக்காரர்கள் கூவி விற்பார்கள்.

2. அகலமான தட்டில் சீஸை எடுத்துக்கொண்டு, வேறு எதையும் சேர்ப்பதற்கு முன் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி முள்கரண்டியால் மசியுங்கள். கொழுப்பில்லாத சீஸ் என்பதால் எண்ணெய் இல்லாவிட்டால் நாக்கில் வறட்டும். எண்ணெயை உறிஞ்சியதும் அதன் முகமே மாறி, வெண்ணெய்ப் பளபளப்பு வரும். முழுக்க மைபோல மசிக்க வேண்டாம்; அங்கங்கே கடலை அளவு கட்டிகள் இருக்கட்டும்.

3. சீரகம், மிளகு, பொடியாக நறுக்கிய வெள்ளரி, மிளகாய் ஆகியவற்றைக் கலக்குங்கள். கடைசியில் தக்காளி. தக்காளி விழுந்த பிறகு இரண்டு புரட்டு போதும்.

4. புதினாவைக் கையால் கிள்ளிப் போடுங்கள். மேலே சிறு குழி செய்து மிச்ச எண்ணெயை ஊற்றுங்கள். உப்பு பார்த்துச் சேருங்கள். எலுமிச்சை பிழிகிறவர்களும் உண்டு. நன்றாகப் புளித்த அரீஷுக்கு அது தேவையில்லை என்பது என் கட்சி.

புதினாவுக்குப் பதில் சதகுப்பைக் கீரை போடலாம். பொடியாக அரிந்த வெங்காயத் தாள் போடலாம். இரண்டும் எகிப்திய வழக்கத்துக்குள் அடங்குவதுதான்.

எப்படிச் சாப்பிடுவது

தனியாக ஸ்பூனால் அள்ளிச் சாப்பிடும் சாலட் இல்லை இது. அங்கே ஐஷ் பலதி என்ற கோதுமை ரொட்டியோடுதான் சாப்பிடுவார்கள். தவிட்டோடு சேர்ந்த மாவில் செய்து, கடும் சூட்டில் உப்பி வருவது. ஒரு துண்டு கிள்ளி, இரு ஓரங்களையும் உள்ளே மடித்தால் சின்னக் கூம்பு மாதிரி வரும். அதை எகிப்தியர்கள் பூனைக்காது என்பார்கள். அந்தக் காதால் சீஸை அள்ளி அப்படியே வாயில் போட வேண்டும். ஐஷ் கிடைக்காத ஊரில் மெத்தென்ற சப்பாத்தி நன்றாகவே ஒத்துப்போகும். கூட ஒரு அவித்த முட்டையும் பால் சேர்க்காத தேநீரும் இருந்தால் காலைச் சாப்பாடு நிறைந்துவிடும்.

சீஸ் செய்ய நேரமில்லையா?

அரபு நாடுகளில் இருப்பவர்களுக்குக் கடையிலேயே தொமியாத்தி கிடைக்கும். நைல் நதி மத்தியதரைக் கடலைத் தொடும் இடத்தருகே உள்ள தமியெட்டா நகரத்தின் பெயரால் அமைந்த சீஸ் அது. பெரும்பாலான சீஸ்களில் உப்பு பிறகுதான் சேரும்; இதில் பாலிலேயே முதலில் உப்பைக் கலந்துவிட்டுத்தான் உறைய வைப்பார்கள். அதனால் வாங்கியதும் குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து வடித்துக்கொள்ளுங்கள். சாலட்டில் வேறு உப்பே வேண்டாம். ஃபெட்டாவுக்கும் இதே வழி. இரண்டிலும் ஒரு மேசைக்கரண்டி கெட்டித் தயிரைச் சேர்த்து மசித்தால் அரீஷின் மென்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும்.

வீட்டில் செய்த அரீஷை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் நான்கு நாள் தாங்கும். தக்காளி சேர்த்த பிறகு வைக்காதீர்கள், அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.