எழுத்துக்கும் வீட்டுக்கும் நடுவே: வழக்கமாக நடக்கும் தவறுகள்

செல்லம்மா சமைக்க எடுத்து வைத்த அரிசியைப் பாரதி குருவிகளுக்கு இறைத்த கதை எல்லோருக்கும் தெரியும். எழுத ஆசைப்படுகிற ஆண்கள் பலர் இந்தக் கதையைச் சொல்லும்போது குருவிகளோடு நின்றுவிடுவார்கள். அன்றைக்கு மத்தியானம் உலையில் போட செல்லம்மா என்ன செய்தார் என்ற பகுதிக்குக் கேட்பவர்கள் கிடையாது. முதல் தவறு இங்கேதான் ஆரம்பிக்கிறது, மேதையின் வறுமையை நம்முடைய அலட்சியத்துக்குச் சாக்காக எடுத்துக்கொள்வதில். பாரதியின் வறுமைக்குப் பின்னால் அரசியல் இருந்தது. 1908-ல் கைதிலிருந்து தப்பிப் புதுச்சேரிக்குப் போனார். அவர் நடத்திய 'இந்தியா' பத்திரிகை பிரிட்டிஷ் எல்லைக்குள் வருவதற்கு அரசு தடை போட்டது, வருமானமும் அதோடு போனது. கரண்ட் பில் கட்ட மறந்துவிட்டு "கலைஞன் அப்படித்தான் இருப்பான்" என்பவருக்கு இந்த நியாயம் பொருந்தாது.

"கதை எழுதினா சோறு போடுமா?" என்று வீட்டில் கேட்டால் நமக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. கேட்பவர் பக்கம் கணக்கு இருக்கிறது. 200 ரூபாய் புத்தகம், 10 சதவீத ராயல்டி, 300 பிரதி விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் வருவது 6,000 ரூபாய். நாவல் என்றால் அதற்குப் பின்னால் இரண்டு மூன்று வருட உழைப்பு. இந்தக் கணக்கை வீட்டில் சொல்லாமல், "புத்தகம் வரட்டும், எல்லாம் சரியாயிடும்" என்று ஒப்பேற்றிக்கொண்டே போவதுதான் தப்பு. புத்தகம் வரும், ஒன்றும் சரியாகாது. அப்புறம் அடுத்த புத்தகத்தைப் பற்றி வாய் திறக்கவே முடியாது. இதில் காசு பெரிதாக வராது, ஆனாலும் எனக்கு இது வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடலாம். சண்டை வரத்தான் செய்யும். ஆனால் அது உண்மையான விஷயத்தைப் பற்றிய சண்டையாக இருக்கும்.

வேலையை விடுவது பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. அசோகமித்திரன் 1966-ல் ஜெமினி ஸ்டூடியோ வேலையை விட்டுவிட்டு முழுநேர எழுத்துக்கு வந்தார் என்பதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். லா.ச.ராமாமிர்தம் வங்கியில் வேலை பார்த்தார், தி.ஜானகிராமன் பள்ளி ஆசிரியராக இருந்து பிறகு வானொலிக்குப் போனார், சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தினார் என்பதை யாரும் சொல்வதில்லை. சம்பளம் இவர்கள் எழுத்தைக் கெடுத்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. மாதம் பிறந்தால் வாடகை போய்விடும் என்ற நிம்மதியில்தான் இஷ்டப்படி எழுத முடியும். யாருக்குப் பிடிக்கும், யார் காசு கொடுப்பார் என்று பார்க்க வேண்டியதில்லை.

இதைவிட ஆபத்தானது, ஒரே அடியில் குடும்பத்தை நிமிர்த்திவிடலாம் என்ற கனவு. சிறுகதை எழுத்தாளர் புதுமைப்பித்தன் பத்திரிகை வேலைகளுக்குப் பிறகு சினிமாவுக்குப் போனார். வசனம் எழுதினார், சொந்தமாகப் படம் எடுக்கவும் முயன்றார், அது கைகூடவில்லை. 'ராஜமுக்தி' பட வேலைக்காகப் புனாவுக்குப் போனவர் காசநோய் முற்றித் திரும்பினார். 1948 ஜூன் 30-ம் தேதி திருவனந்தபுரத்தில் இறந்தபோது வயது 42, மகள் சின்னக் குழந்தை. மனைவி கமலாவுக்கு அவர் எழுதிய கடிதங்களைப் படித்தவர்களுக்குத் தெரியும், பணம் அனுப்புகிறேன் என்ற பேச்சு அவற்றில் எத்தனை தடவை வருகிறது என்று. அன்பு இல்லாத கடிதங்கள் அல்ல. அதனால்தான் படிக்கக் கஷ்டமாக இருக்கிறது.

இன்றைக்கு இதே கனவு, மனைவியின் நகையை அடகு வைத்துக் குறும்படம் எடுப்பதாக, தனிநபர் கடன் வாங்கிப் புத்தகம் போடுவதாக நடக்கிறது. கடன் வாங்கியே தீர வேண்டும் என்றால் இரண்டு விஷயம். எவ்வளவு வரை போகலாம் என்பதைத் தொடங்குவதற்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துவிட வேண்டும், பாதிப் படம் நிற்கும்போது அல்ல. அந்தப் பணத்தில் பங்கு உள்ளவர் வேண்டாம் என்று சொன்னால், அவருக்குக் கலை தெரியாது என்று முடிவு கட்டக் கூடாது. அவருக்கு வட்டி தெரியும்.

காசு விஷயத்தைவிட நேரம்தான் தினசரித் தகராறு. நேரத்தைக் கேட்டு வாங்காமல் திருடுவதே நம்மில் பலருடைய பழக்கம். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருப்போம், மனம் நாவலில் இருக்கும், குழந்தை மூன்று முறை கூப்பிட்ட பிறகு "ம்?" என்போம். இதற்குக் காலை ஐந்து முதல் ஏழு வரை என் நேரம் என்று அறிவித்துக் கதவைச் சாத்திக்கொள்வது எவ்வளவோ மேல். ஞாயிறு சாயங்காலம் இலக்கியக் கூட்டத்துக்குப் போனால், அந்த மூன்று மணி நேரம் குழந்தையை வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். அதைப் பதிலுக்கு எப்போது கொடுக்கப் போகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாள்காட்டி வேறு நமக்கு எதிரி. சென்னைப் புத்தகக் கண்காட்சி பொங்கலை ஒட்டி வரும், மார்கழி சீசன் அரையாண்டுத் தேர்வோடு மோதும். வருடா வருடம் தெரிந்த மோதல்தானே, நவம்பரிலேயே பேசிவிடலாமே!

இதுவரை சொன்னது பெரும்பாலும் ஆண்களுக்கு. பெண்கள் செய்யும் தவறு நேர் எதிரானது. "எல்லா வேலையும் முடியட்டும், அப்புறம் எழுதலாம்" என்று காத்திருக்கிறார்கள். வீட்டு வேலை முடிவதில்லை. பிள்ளை பள்ளிக்குப் போனால் மாமியாருக்கு முடியாமல் போகும், அவர் தேறினால் மகளுக்குப் பிரசவம். கவிஞர் சல்மா இரவில் குளியலறைக்குள் ஒளிந்து எழுதினார் என்று சொல்லிச் சொல்லி வியக்கிறோம். அந்த வியப்பு எனக்கு உறுத்துகிறது. எழுதுகிறவருக்கு ஒரு நாற்காலி தராத வீட்டைப் பற்றிய செய்தி அது. அதைச் சாதனைக் கதையாக்கிவிட்டால் நாற்காலி கேட்பவள் அடங்காதவள் ஆகிவிடுவாள்.

நாவலாசிரியர் வை.மு.கோதைநாயகியின் கதையும் நம்மிடம் இருக்கிறது. 1901-ல் பிறந்து, சிறுமியாகவே மணமாகி, பள்ளிக்கூடம் போகாதவர். முதல் நாடகத்தை அவர் சொல்லச் சொல்ல ஒரு தோழி எழுதிக்கொடுத்தார். கணவர் பார்த்தசாரதி கூடவே நின்றார். 1925-லிருந்து கோதைநாயகி 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தினார், எழுதிய நாவல்கள் நூற்றுக்கும் மேல். குடும்பம் வேலையைப் பங்குபோட்டுக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு நூறு வருடத்துக்கு முந்தைய சாட்சி இது. ஆகவே கேளுங்கள், குறிப்பாகக் கேளுங்கள். "கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்றால் நடக்காது, "செவ்வாயும் வியாழனும் ராத்திரிச் சமையல் உங்களது" என்றால் நடக்கலாம்.

பலர் கவனிக்காமல் விடுவது காகித வேலை. பாரதி 1921-ல் இறந்த பிறகு செல்லம்மாவே பதிப்பகம் தொடங்கி அவர் நூல்களைக் கொண்டுவர முயன்றார். உரிமைகள் பிறகு பலரிடம் கைமாறின. இசைத்தட்டு உரிமை ஏவி.எம். மெய்யப்பர் வரை போனது. 1949-ல்தான் அரசு அவற்றை எடுத்துக்கொண்டது. இன்றைய இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த பிறகும் 60 வருடம் பதிப்புரிமை வாரிசுகளுக்கு உண்டு. பெரிய தொகை வராமல் போகலாம். ஆனால் எந்தப் பதிப்பகத்தோடு என்ன ஒப்பந்தம், எத்தனை வருடத்துக்கு, மொழிபெயர்ப்பு உரிமை யாரிடம், கோப்புகள் எந்தக் கணினியில், கடவுச்சொல் என்ன என்று எதுவும் தெரியாமல் வீட்டில் ஒருவர் அலமாரியைக் கிளறிக்கொண்டிருப்பார். ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ரேஷன் கார்டும் இன்ஷூரன்ஸ் பத்திரமும் இருக்கும் அதே பையில் வைத்துவிடுங்கள். உரிமை யாருக்கு என்பதை உயிலிலும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.