ஆறு பெருகி ஓடும்போது ட்ரவுட் மீன் பிடிப்பது எப்படி?

பனி உருகி ஆறு கலங்குவதெல்லாம் காஷ்மீர், இமாச்சலத்துக் கதை. மூணாறு மலையில் நமக்கு எடவப்பாதி மழைதான், அதாவது தென்மேற்குப் பருவமழை. ஜூன் பிறந்தால் ஓடைகள் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு இறங்கும், பலரும் தூண்டிலை மூட்டை கட்டிவிடுவார்கள். வெள்ளம் ஏறும்போது அதுதான் சரி. மழை வெறித்து, தண்ணீர் வடியத் தொடங்கிய பிறகு கிடைக்கும் நாட்களுக்குத்தான் இந்தச் செய்முறை.

முதல் வேலை அனுமதி. மூணாறை ஒட்டிய இரவிகுளம் 1978 முதல் தேசியப் பூங்கா. நினைத்தபடி தூண்டில் போட முடியாது. எஸ்டேட் எல்லைக்குள் என்றால் எஸ்டேட்டில் கேளுங்கள்.

அடுத்து தண்ணீரைப் பாருங்கள். கம்பு நுனியை ஒரு அடி ஆழத்துக்கு இறக்குங்கள். நுனி தெரிந்தால் ஃப்ளை (இறகும் நூலும் சுற்றிக் கட்டிய போலி இரை) போடலாம். தெரியாவிட்டால் டீக்கடைக்குப் போகலாம்.

இனி மீன் எங்கே என்பது. புதிதாக வருபவர்கள் நடு ஆற்றைப் பார்த்தே வீசுவார்கள். ஆனால் இழுப்பு பலமாக இருக்கும்போது ட்ரவுட் நடுவில் நின்று மல்லுக்கட்டாது. வேகம் குறைந்த இடம் தேடிக் கரைக்கு ஒதுங்கும்: பாறையின் பின்புறம், தண்ணீர் திரும்பிச் சுழலும் மூலை, மூழ்கிய புல்லின் ஓரம். தேயிலைச் சரிவிலிருந்து வரும் சின்ன ஓடை பெரிய ஆற்றுக்கு முன்பே தெளிந்துவிடும். அது வந்து சேரும் இடத்தை விடவே விடாதீர்கள். ஆற்றில் கால் வைக்கும் முன், கரையில் நின்றே காலடியில் முதல் வீச்சு. இறங்கி மிதித்த பிறகு அங்கே மீன் நிற்காது.

9 அடிக் கம்பு, 5 அல்லது 6 எண் லைன் (ஃப்ளையை வீச உதவும் கனத்த கயிறு, எண் அதன் கனத்தைச் சொல்லும்) போதும். தெளிந்த நீரில் 9 அடி லீடர் (லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவே வரும் மெல்லிய நரம்பு) கட்டுவோம். இங்கே 5 அடிக்குமேல் வேண்டாம். கலங்கலில் நரம்பு மீன் கண்ணுக்குப் படாது என்பதால் 3எக்ஸ் தடிமன் (எக்ஸ் எண் குறையக் குறைய நரம்பு தடிக்கும்) பரவாயில்லை. மிதக்கும் ஃப்ளை பெட்டியிலேயே இருக்கட்டும். கறுப்பு வூலி பக்கர் என்ற, மூழ்கும் ஃப்ளையைக் கட்டுங்கள். மங்கலான நீரில் கருநிழல்தான் எடுப்பாகத் தெரியும். மழை மண்புழுவை அடித்து வருவதால் மண்புழு போன்ற ஃப்ளையான சிவப்பு சான் ஹுவான் வார்மும் எடுபடும். ஃப்ளைக்கு அரை அடி மேலே ஒரு ஈயக்குண்டு, அதற்கும் மேலே ஒரு தக்கை. ஃப்ளை அவ்வப்போது அடிக்கல்லில் தட்ட வேண்டும். ஒருமுறைகூடத் தட்டவில்லையா? இன்னொரு குண்டு சேருங்கள்.

தலைக்குமேல் சுழற்றி வீசினால் பின்னால் தேயிலைச் செடிதான் மாட்டும். லைனைக் கீழ்நோக்கி ஓடவிட்டு, இழுப்பில் அது விறைத்ததும் அப்படியே தூக்கி மேல்நோக்கிப் போடுங்கள். இரண்டு கம்பு நீளத்துக்குமேல் தூரம் தேவையில்லை. நுனியை உயர்த்தி, ஃப்ளையோடு சேர்த்துக் கம்பையும் நகர்த்துங்கள். லைன் வேகநீரில் படுத்தால் ஃப்ளையை இழுத்துப்போய்விடும். தக்கை நின்றாலோ அமுங்கினாலோ உடனே தூக்குங்கள். மீனுக்குப் பார்வை எட்டாத நாள் இது. ஒரே இடத்தில் பலமுறை போட்டுப் பாருங்கள்.

சருகும் சுள்ளியும் திடீரென மிதந்து வந்தால், நிறம் மாறினால், மேலே எங்கோ மழை கொட்டுகிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு மேடேறுங்கள். 2018 ஆகஸ்டில் முதிரப்புழை ஆறு மூணாறு டவுனுக்குள்ளேயே வந்ததே! காலில் ஏறும் அட்டைக்குப் புகையிலையும் உப்பும் துணியில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மீன் மாட்டியதும் நீரோட்டத்துக்கு எதிராக இழுக்காதீர்கள், நரம்பு அறும். கரையோரமாக அதோடு கீழே நடந்து, அமைதியான நீருக்குத் திருப்பி, வலையில் ஏந்துங்கள். திரும்ப விடுவதாக இருந்தால் கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள்.