பல் பிடுங்கிய அன்று என்ன விளையாடலாம்?

காலையில் கடைவாய்ப் பல் பிடுங்குகிறார்கள், மாலையில் நண்பர்களோடு போர்டு கேம் என்றால் ஆட்டத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை, மாற்றினால் போதும். கட்டான் மாதிரி பண்டமாற்று ஆட்டம் வேண்டாம். "இரண்டு செங்கல் தருகிறேன், ஒரு கோதுமை கொடு" என்று வாய் ஓயாமல் பேரம் பேச வேண்டியிருக்கும். அசூல் போல ஓடு பொறுக்கி அடுக்கும் ஆட்டத்தில் வாயைத் திறக்காமலே ஜெயிக்கலாம். கணினி என்றால் ஹெட்செட்டில் கத்த வைக்கும் குழுச் சண்டைகளை விட்டுச் சதுரங்கத்துக்கு வந்துவிடுங்கள்.

உண்மையான ஆபத்து மேசையோரம் இருக்கும் குளிர்பானம்தான். பல் இருந்த குழியில் உறையும் ரத்தக்கட்டிதான் அடியில் உள்ள எலும்புக்கும் நரம்புக்கும் மூடி. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினால் அது பெயர்ந்துவிடலாம். பிறகு வரும் வலி காதுவரை பாயும். எச்சில் துப்புவதும் புகைப்பதும் அதே வேலையைச் செய்யும். முதல் 24 மணி நேரம் வாய் கொப்பளிக்கவும் வேண்டாம். மரமரப்பு போகும்வரை சிப்ஸ் பக்கம் கை போகக்கூடாது: ஆட்ட மும்முரத்தில் கன்னத்தையே கடித்துவிடுவீர்கள், தெரியவே தெரியாது.

மாத்திரை நேரத்துக்குக் கைப்பேசியில் அலாரம் வையுங்கள். 'இன்னும் ஒரே ஒரு சுற்று' என்கிற ஜாதிக்கு (நாம் எல்லோரும்தான்) அது கட்டாயம்.