சர்க்கரைச் சீட்டிலிருந்து நிமிர்ந்து பாருங்கள்

போன வாரம் ஜூனியர் டாக்டர் ஒருவர் அறுபது தாண்டிய அம்மா ஒருவருக்கு மூன்றாவது சர்க்கரை மாத்திரையை எழுதிக்கொண்டிருந்தார். ஒருமுறைகூட நிமிர்ந்து முகத்தைப் பார்க்கவில்லை. இருபது வருஷத்துக்கு முன் நான் செய்த அதே தவறு. சினைப்பையில் ஹார்மோன் சுரக்கும் கட்டி இருக்கும்போது நாம் செய்யும் ஐந்து தவறுகள் இவை.

மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவது

அன்று என்னிடம் வந்தவர் மன்னார்குடிப் பக்கத்து அம்மா, 61 வயது. ஊரில் நடவு என்றால் முதல் குலவை அவருடையதுதான். சில மாதங்களுக்குள் சர்க்கரையும் பிரஷரும் மளமளவென்று ஏறின. எட்டு மாதம் மாத்திரையைக் கூட்டினேன். "சோத்தைக் குறைங்கம்மா" என்று அதட்டவும் செய்தேன். தாடை நிறைய மஞ்சள், கன்னத்தை மறைத்த முந்தானை. மஞ்சளுக்கு அடியில் மழித்த முடியின் கருமை இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. மருமகள்தான் சொன்னது: "அத்தைக்கு இப்பல்லாம் குலவையே வரமாட்டேங்குது டாக்டர். போன்ல பேசினா ஆம்பளைன்னு நெனச்சுக்கிறாங்க."

பழைய சீட்டைப் புரட்டினேன். ஹீமோகுளோபின் 16.8. நாற்று நடும் பெண்களிடம் 9, 10 என்றே பார்த்துப் பழகியவன், "நல்ல ரத்தம்" என்று தாண்டிப் போயிருக்கிறேன். ஆண் ஹார்மோன் மிகுந்தால் சிவப்பணு பெருகும். இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்காது, சர்க்கரை ஏறும். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைப் பார்த்தேன், டெசிலிட்டருக்கு 310 நானோகிராம். அந்த வயதில் பெரும்பாலும் 40ஐத் தாண்டாது. 150க்கு மேல் போனால் சினைப்பையிலும் சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பியிலும் கட்டி இருக்கிறதா என்று தேடியே ஆக வேண்டும். அவருக்கு வலது சினைப்பையில் சுண்டைக்காய் அளவில், ஆண் ஹார்மோன் சுரக்கும் லேடிக் செல் கட்டி. எடுத்தபின் ஹார்மோன் இறங்கியது, மாத்திரை பாதியானது. குரல் மட்டும் திரும்பவில்லை. தடித்துப்போன குரல் பெரும்பாலும் திரும்பாது. அந்த எட்டு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

ஸ்கேன் நார்மல் என்று விடுவது

லேடிக் செல் கட்டி ஒரு சென்டிமீட்டர் அளவில் சிறியதாகக்கூட இருக்கலாம். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் தப்பிவிடும். ரத்தத்தில் ஹார்மோன் கூடியிருந்தால் பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் உள்வழி ஸ்கேன், எம்.ஆர்.ஐ. வரை போங்கள்.

சி.ஏ. 125ஐ நம்புவது

சினைப்பைப் புற்றுநோய்க்குப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை இது. இந்தக் கட்டிகளில் அது நார்மலாகவே இருக்கலாம். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் சுரக்கும் கிரானுலோசா செல் கட்டிக்கு, ரத்தத்தில் இன்ஹிபின் பி என்ற ஹார்மோனைப் பாருங்கள்.

"சூட்டுல பட்டிருக்கும்" என்பது

மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் ஆனபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அது சூடு அல்ல. கிரானுலோசா கட்டி சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உள்சவ்வைத் தடிக்க வைக்கும், புற்றுநோய் வரையும் கொண்டுபோகும். சவ்வைப் பயாப்சி எடுங்கள்.

ஐந்து வருஷத்தில் ஃபைலை மூடுவது

கிரானுலோசா கட்டி, எடுத்து 20 வருஷம் கழித்தும் திரும்பி வரலாம்.