பரணில் கிடக்கும் கேசட்டைக் கணினியில் ஏற்றும்போது

போன மாதம் பரணிலிருந்து ஒரு பெட்டி கேசட் இறக்கினேன். எல்லாம் காலி கேசட் வாங்கி, பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, ரெக்கார்டிங் சென்டரில் பதிந்து வாங்கியவை. அதே வரிசையில் எந்த ஆப்பில் கிடைக்கும்? சரி, கணினியில் ஏற்றிவிடலாம் என்று மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். டேப் ரெக்கார்டரின் ஒலியைக் கணினிக்குள் அனுப்ப ஒரு யுஎஸ்பி சவுண்டு கார்டு வேண்டும்.

அங்கேதான் சறுக்கல். 'யுஎஸ்பி சவுண்டு கார்டு' என்று மட்டும் கேட்டால், ஒலியை உள்ளே வாங்க மைக் துளை மட்டும் உள்ள மலிவுச் சரக்கைத்தான் பெரும்பாலும் எடுத்து நீட்டுவார்கள். அது பொதுவாக மோனோ, அதாவது இடம் வலம் பிரிக்காமல் ஒரே ஒலியாகப் பதியும். இடப்பக்க வயலினும் வலப்பக்கத் தபேலாவும் ஒரே குழம்பாகிவிடும். நான் இரண்டாவது நடை போய், இடம், வலம் இரண்டையும் தனித்தனியே வாங்கும் 'ஸ்டீரியோ லைன் இன்' துளை இருக்கிறதா என்று கேட்டு வாங்கினேன். கூடவே டேப் ரெக்கார்டரை அதோடு இணைக்க, இருபக்கமும் 3.5 மி.மீ. பின் உள்ள ஸ்டீரியோ கேபிள் ஒன்று.

பதிய ஆடாசிட்டி என்ற மென்பொருள் போதும், இலவசம். மீட்டர் சிவப்பைத் தொடாத அளவுக்கு ஒலியைக் குறைத்து வையுங்கள். 90 நிமிட கேசட் என்றால் பக்கத்துக்கு 45 நிமிடம் ஓடியே தீரும்.

ஓடவிடும் முன் பஞ்சுக் குச்சியை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் தொட்டு டேப் ரெக்கார்டரின் ஹெட்டை (நாடா உரசிப் போகும் உலோகப் பகுதி) துடையுங்கள். என் குச்சி காப்பிப்பொடி நிறத்தில் வந்தது! துடைத்ததும் மங்கலாகக் கேட்ட பாட்டு பளிச்சென்று ஆனது.

அப்புறம், கேசட்டின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சின்ன பிளாஸ்டிக் தட்டுகளையும் முதலிலேயே உடைத்துவிடுங்கள்; பிறகு தவறுதலாக அதன் மேல் எதுவும் பதியாது. நான் அதைச் செய்யவில்லை. கை தவறி ரெக்கார்டு பட்டனை அமுக்கி, ஒரு பல்லவியின் மேல் எங்கள் வீட்டு குக்கர் விசிலைப் பதிந்துவிட்டேன்.