ஜாவா சான்றிதழ்த் தேர்வு: பதிப்பு எண்ணில் இடறி விழாதீர்கள்

கோத்தகிரியில் என் வீட்டு முன்னறைக்கு, வேலை முடித்துத் திரும்பும் இளைஞர்கள் சிலர் மாலை வேளைகளில் ஜாவா என்னும் நிரல்மொழிக்கான சான்றிதழ்த் தேர்வுக்குப் படிக்க வருகிறார்கள். சென்ற வாரம் அவர்களில் ஒருவர் மாதிரி வினா ஒன்றுக்குத் தயங்காமல் “கம்பைல் ஆகாது”, அதாவது கணினி இயக்கும் வடிவுக்கு நிரலை மாற்றும் கம்பைலர் அதைப் பிழையென்று மறுத்துவிடும், என்று விடை குறித்தார். சில ஆண்டுகளுக்கு முன் தேர்வறையில் அதே விடையைக் குறித்துவிட்டு வந்தவன் நான் என்பதால், இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. அரைப்புள்ளியை விடுவது, அடைப்புக்குறியை மூடாதது போன்றவை பத்து நாள் பயிற்சியில் தாமே சரியாகிவிடும். அவற்றை இங்கே தொடவில்லை.

ஒரு பதிப்பைப் படித்து வேறொரு பதிப்பின் தேர்வை எழுதுதல்

இத்தேர்வை நடத்தும் ஆரக்கிள் நிறுவனத்தின் தேர்வுகள் பதிப்புவாரியானவை. 819 என்று முடியும் எண் ஜாவா 11-க்கும், 829 ஜாவா 17-க்கும், 830 ஜாவா 21-க்கும் உரியவை. நான் எழுதியது 11-க்கான தேர்வு. படித்ததோ நண்பர் ஒருவர் கொடுத்த, ஜாவா 8-க்கான வினாத்தொகுப்பு. அடிப்படை ஒன்றுதானே, புதிதாக வந்தவற்றை மட்டும் கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் பதிப்பு மாறும்போது புதியவை சேர்வதோடு நிற்பதில்லை. பழைய வினாவின் சரியான விடையே தவறான விடையாகிவிடுகிறது.

அந்த மாணவர் தடுமாறிய வினாவையே எடுத்துக்கொள்வோம். மேல் வரியில் கோப்பைப் படிக்கும் ரீடர் ஒன்று ஒரு மாறியில் வைக்கப்பட்டிருக்கிறது. அடுத்த வரியில் ‘ட்ரை’ என்னும் சொல்லுக்குப் பின்னுள்ள அடைப்புக்குள் அந்த மாறியின் பெயர் மட்டும் இருக்கிறது. ஜாவா 8-இல் இது கம்பைல் ஆகாது, ஏனெனில் மாறியை அந்த அடைப்புக்குள்ளேயே அறிவித்தாக வேண்டும். 2017-இல் வெளிவந்த ஜாவா 9 முதல், அந்த மாறிக்குப் பின்னர் எங்கும் வேறு மதிப்பு தரப்படவில்லையென்றால், பெயரை மட்டும் எழுதினால் போதும். மறுதலையாக, ஒற்றை அடிக்கோட்டை மாறியின் பெயராக வைத்தால் ஜாவா 8 எச்சரிக்கையோடு ஏற்றுக்கொண்டது. 9 பிழை என்று மறுத்தது. இப்படிப்பட்ட வினாக்களில்தான் எனக்குத் தேர்ச்சி கைநழுவியது. முடிவுத்தாளில் நான் கோட்டைவிட்ட பாடத்தலைப்புகள் இருந்தனவே தவிர, எந்த வினா என்பது இல்லை. காரணத்தைக் கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு வாரங்கள் ஆயின. கட்டிய பணமும் மூன்று மாத இரவுப் படிப்பும் வீணாயின என்பது இன்றும் எனக்கு ஆறவில்லை.

இப்போது இதே தவறு எதிர்த்திசையிலும் நடக்கிறது. குன்னூரிலிருந்து வரும் ஒரு பெண் ஜாவா 17 தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டு, மடிக்கணினியில் ஜாவா 21-ஐ நிறுவிப் பயின்றுகொண்டிருந்தார். ‘சுவிட்ச்’சின் ‘கேஸ்’ வரிகளில் வகையின் பெயரையும் மாறியையும் எழுதிய நிரல் அவரிடம் குறையின்றி ஓடியது. 21-இல் அது மொழியின் நிலையான அங்கம். 17-இல் அது முன்னோட்ட வசதி மட்டுமே, அதை இயக்கச் சொல்லும் கட்டளையைத் தனியாகக் கொடுக்காவிட்டால் கம்பைல் ஆகாது. பட்டியலின் முதல் உறுப்பை எடுக்க அவர் பழகியிருந்த ‘கெட்ஃபர்ஸ்ட்’டும் 17-இன் பட்டியல்களில் பொதுவாகக் கிடையாது. கம்பைலரிடம் ‘ரிலீஸ் 17’ என்று சொன்னால் இவ்விரண்டையும் அது பிழையாகக் காட்டிவிடும். ஆயினும் ஓடும்போது இயங்குவது 21-உடன் வரும் ஆயத்த நிரல்களின் தொகுப்பே (நூலகமே) என்பதால், 17-ஐயே நிறுவிக்கொள்ளுமாறு அவரிடம் கூறினேன். பணம் கட்டும் முன்பே தேர்வு எண்ணையும், கணினியில் நிறுவிய ஜாவாவின் பதிப்பையும், புத்தக அட்டையிலுள்ள எண்ணையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் படிக்கத் தொடங்காதீர்கள்.

எந்த வசதி எந்தப் பதிப்பில் வந்தது என்று மனப்பாடம் செய்தல்

தேர்வு அதைக் கேட்பதில்லை. இந்த நிரல் என்ன அச்சிடும் என்றே கேட்கும்.

ஒருமுறை ஓட்டிப் பார்த்ததையே விடையாகக் கொள்ளுதல்

‘செட்.ஆஃப்’ கொண்டு உருவாக்கிய தொகுப்பை அச்சிட்டால் உறுப்புகள் ஏதோ ஒரு வரிசையில் வரும். அடுத்த முறை ஓட்டும்போது அந்த வரிசை மாறலாம். ஆகவே அங்கே “வரிசையை உறுதியாகச் சொல்ல இயலாது” என்பதே விடை. திரையில் கண்டதை எழுதுபவர்கள் இவ்வகை வினாவை இழக்கிறார்கள்.

எடிட்டர் பிழையின் அடியில் இடும் சிவப்புக் கோடுகளை நம்பிப் பயிலுதல்

எடிட்டரை மூடிவிட்டுத் தாளில் எழுதிப் பழகுங்கள்.

மழைக்காலத்தில் வீட்டிலிருந்து தேர்வெழுதத் தேதி குறித்தல்

அக்டோபர், நவம்பர் மாதங்களில் இங்கே மரம் விழுந்து மின்சாரம் போனால் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. இணையமும் அதோடு போய்விடும். அம்மாதங்களில்தான் எழுதியாக வேண்டுமென்றால், முந்தைய நாளே மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ உள்ள உறவினர் வீட்டுக்கு இறங்கிவிடுங்கள். விடியற்காலையில் புறப்பட்டால் போதும் என்று எண்ணாதீர்கள், மண்சரிவு ஏற்பட்டால் மலைப்பாதையையும் அடைத்துவிடுவார்கள்.